பால் குடிக்க நேரம் வந்தாச்சா? குழந்தையே சொல்லும்!

‘‘சிஸ்டர், பிள்ளைக்கு எப்போ பால் கொடுக்கலாம்?’’

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தின் மருத்துவமனைகளும் இதற்கு விலக்கில்லை. கேட்பவர் பெரும்பாலும் பிரசவித்த பெண்ணின் அம்மாவாகவோ மாமியாராகவோ இருப்பார். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருப்பார். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் பேரப்பிள்ளை. வாயில் மெல்லிய குழாய். பிறந்து ஐந்து நாளாகியும் ஒரு மடக்குகூட அது வாயால் குடித்ததில்லை என்பதை அந்த மனசு எப்படித் தாங்கும்?

நர்ஸ் ‘‘இன்னும் ரெடியாகலம்மா’’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எதற்கு ரெடியாகவில்லை, எப்போது ரெடியாகும், அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதெல்லாம் அந்த அவசரத்தில் விளக்கப்படுவதில்லை. விளக்கம் கிடைக்காத இடத்தில் பயம் வரும். பயத்தில் சிலர் யாருக்கும் தெரியாமல் விரலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்துவிடுவதும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு அந்த ஒரு சொட்டுகூட ஆபத்தாக முடியலாம்.

அதனால், அந்த வாசலில் சொல்லப்படாமல் போகும் பதிலை நிதானமாகத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

தொண்டையில் ஒரு நாற்சந்தி

கர்ப்பத்தின் 37 வாரங்கள் முடிவதற்கு முன்பே பிறக்கும் குழந்தைகளைக் குறைமாதக் குழந்தைகள் என்கிறது மருத்துவம். 2020-ம் ஆண்டில் உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இணைந்து வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அதில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இந்தியாவில் பிறந்தவர்கள். எந்த நாட்டையும்விட இது அதிகம்.

இந்தக் குழந்தைகளுக்குப் பசி இல்லாமல் இல்லை. விழுங்கவும் தெரியும். தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே, நான்காவது மாத வாக்கிலேயே, சிசு பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. விரல் சூப்பும் சிசுவை ஸ்கேனில் பார்த்துச் சிரிக்காத அம்மா யார்? அப்படியானால் வெளியே வந்ததும் குடிப்பதில் என்ன சிரமம்?

சிரமம் மூச்சில் இருக்கிறது. வயிற்றுக்குள் இருந்தவரை தொப்புள்கொடி வழியாக ஆக்ஸிஜன் வந்தது. நுரையீரலுக்கு வேலை இல்லை. எவ்வளவு விழுங்கினாலும் மூச்சு தடைபடும் என்ற கவலை கிடையாது. வெளியே வந்தபின் நிலைமை வேறு. காற்றுக்கும் பாலுக்கும் தொண்டையில் ஒரே சந்திப்பு. நாற்சந்தியில் ஒரு பக்கம் வண்டி போகும்போது மறுபக்கம் நின்றாக வேண்டும் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ள வேண்டும், மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். விழுங்கி முடித்ததும் வாசல் திறந்து மூச்சு தொடர வேண்டும்.

நிறைமாதக் குழந்தை இதை ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை செய்கிறது. உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு; மீண்டும் உறிஞ்சு. தாளம் தப்பாத வேலை. குறைமாதக் குழந்தையின் மூளைக்கு இந்தத் தாளம் இன்னும் பிடிபடவில்லை. மூன்று நான்கு முறை வேகமாக உறிஞ்சும், மூச்சு விட மறந்துவிடும், பிறகு களைத்துப்போய் நீண்ட மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் வாயில் பால் இருந்தால் அது நுரையீரல் பக்கம் போய்விடலாம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு குறையலாம். இதயத்துடிப்பு மெதுவாகலாம். பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

பெரியவர்களுக்குப் புரையேறினால் பலமாக இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். சின்னஞ்சிறு குழந்தைக்கு அந்த இருமலுக்கான பலமே இருக்காது. சத்தமில்லாமல் புரையேறும், சத்தமில்லாமல் நிறம் மாறும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், சேனை வைப்பது என்று நல்லெண்ணத்தோடு செய்யும் எதுவும் இங்கே கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பு காட்டுவது இதனால்தான்.

வாரக் கணக்கு

எந்தக் குழந்தைக்கு எந்த வழியில் பால் என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் முதலில் பார்ப்பது கர்ப்ப வாரக் கணக்கு. பிறந்து எத்தனை நாள் என்பது இரண்டாவது. கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 30-வது வாரத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்து மூன்று வாரம் ஆகும்போது அதன் வயது மருத்துவரின் கணக்கில் 33 வாரம். பக்கத்துக் கட்டிலில் நேற்றுப் பிறந்த 35 வாரக் குழந்தை மார்பில் குடிக்கும். மூன்று வாரம் மூத்த இந்தக் குழந்தை இன்னும் பாலாடையில் குடித்துக்கொண்டிருக்கும். ‘‘அந்தப் பிள்ளை நேத்துப் பிறந்தது, அது குடிக்குது. நம்ம பிள்ளைக்கு ஏன் கொடுக்க மாட்டேங்குறாங்க?’’ என்ற வருத்தத்துக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இந்திய மருத்துவமனைகளில் பின்பற்றப்படும் பொதுவான வழிமுறை இப்படிப் போகும்.

28 வாரத்துக்குக் கீழ்: உறிஞ்சும் முயற்சி சரியாக இருக்காது. குடலின் அசைவும் முழுமையாக இருக்காது. ஊட்டச்சத்து பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகத் தொடங்கும். கூடவே சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் குழாயில் போகும்.

28 முதல் 31 வாரம்: உறிஞ்சும் அசைவுகள் வந்துபோகும். ஆனால் மூச்சோடு ஒத்துப்போகாது. வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில்தான் பால்.

32 முதல் 34 வாரம்: தாளம் பிடிபடத் தொடங்கும். பாலாடை, கரண்டி அல்லது சின்னக் கிண்ணத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

34 வாரத்துக்கு மேல்: பெரும்பாலான குழந்தைகள் நேரடியாக மார்பில் குடிக்கத் தயாராகிவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் போவது தாயின் பால்தான். மாறுவது அது போகும் வழி மட்டும். குழாயைப் பார்த்து ‘பிள்ளை பட்டினி கிடக்குது’ என்று நினைக்க வேண்டியதில்லை. குழாயில் போவதும் சாப்பாடுதான்.

கணக்கைத் தாண்டிக் குழந்தை

வாரக் கணக்கு ஒரு வழிகாட்டிதான். 33 வாரத்தில் ஆர்வமாகக் குடிக்கும் குழந்தையும் உண்டு. 35 வாரத்திலும் தடுமாறும் குழந்தையும் உண்டு. நுரையீரல் பிரச்னை, கிருமித்தொற்று, நீண்ட நாள் வென்டிலேட்டர் என்று கடந்துவந்த குழந்தைகளுக்குக் கூடுதல் நாள் ஆகும். ஸ்வீடனில் கெர்ஸ்டின் நைக்விஸ்ட் என்ற ஆய்வாளர் குறைமாதக் குழந்தைகளைப் பல வருடங்கள் கவனித்தவர். தாயின் மார்போடு சேர்ந்தே இருந்த குழந்தைகளில் சில 29 வாரத்திலேயே மார்பைத் தேடிக் கவ்வ முயன்றதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆக, நாள்காட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. குழந்தையைப் பார்க்க வேண்டும்.

என்ன பார்ப்பார்கள்? முதலில், குழந்தையின் உடல்நிலை. மூச்சு சீராக இருக்கிறதா, இதயத்துடிப்பும் ஆக்ஸிஜன் அளவும் நிலையாக இருக்கின்றனவா, குழாயில் கொடுக்கும் பால் வாந்தி இல்லாமல், வயிறு உப்பாமல் செரிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்து விழிப்பு. பால் நேரம் நெருங்கும்போது குழந்தை தானாக அசைந்து கொடுக்கிறதா? கண் திறந்து அமைதியாகப் பார்க்கிறதா? கை வாய்ப் பக்கம் போகிறதா? கன்னத்தில் விரல் பட்டால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறக்கிறதா? உதட்டை நக்குகிறதா, நாக்கை நீட்டுகிறதா? சுத்தமான கையுறை அணிந்த விரலை வாயில் வைத்தால் நாக்கைக் குழித்துப் பற்றிக்கொள்கிறதா? எத்தனை முறை உறிஞ்சிவிட்டு ஓய்வெடுக்கிறது? ஓய்வெடுக்கும்போது மூச்சு சீராகிறதா?

இதையெல்லாம் மதிப்பெண்ணாகவே போடும் அட்டவணைகள் இருக்கின்றன. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய ஓர் அட்டவணை உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அதில் 18 அம்சங்கள். குழந்தையின் வாரக் கணக்கு, விழிப்பு நிலை, உடலின் இறுக்கம், உதடும் நாக்கும் இருக்கும் விதம், தேடுதல், உறிஞ்சுதல் போன்ற அனிச்சைச் செயல்கள், உறிஞ்சும் பலமும் தாளமும், களைப்பின் அறிகுறிகள் என்று ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 36. மதிப்பெண் கூடக் கூட, வாயால் குடிக்கும் தகுதி கூடுகிறது என்று பொருள்.

அட்டவணை இல்லாத வார்டுகளில் அந்த வேலையை அனுபவமுள்ள நர்ஸின் கண்கள் செய்கின்றன. அந்தக் கண்களைத் தாயும் பழகிக்கொள்ள முடியும். தன் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தானே?

‘போதும்’ என்பதையும் குழந்தை சொல்லும். புருவத்தைச் சுருக்குவது, விரல்களை விசிறிபோல விரிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, விக்கல், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்குவது, வாயோரம் பால் வழிவது, உடல் துவண்டு தூங்கிப்போவது... இவையெல்லாம் ‘கொஞ்சம் நிறுத்துங்க’ என்பதன் குழந்தை மொழி. உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்றதுபோல் தெரிந்தாலோ உடனே நிறுத்தி நர்ஸை அழைக்க வேண்டும். ‘இன்னும் அஞ்சு மில்லிதான், முடிச்சுடலாம்’ என்ற எண்ணம் இந்த இடத்தில் வேண்டாம். மீதியைக் குழாயில் கொடுத்துக்கொள்ளலாம். அது தோல்வி ஆகாது.

பாட்டி வீட்டுப் பாலாடை

உலகப் பச்சிளங்குழந்தை மருத்துவ இதழ்களில் ஒரு தமிழ்ச்சொல் அப்படியே அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல், பாலாடை. ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் மூக்குபோல நீண்டிருக்கும் சின்னப் பாத்திரம். பல வீடுகளில் பரணில் இன்னும் வெள்ளியிலோ வெண்கலத்திலோ ஒன்று கிடக்கும். சில வீடுகளில் அதைச் சங்கு, சங்கடை என்பார்கள்.

1999-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று பாலாடை, கிண்ணம், பாட்டில் மூன்றையும் பச்சிளங்குழந்தைகளிடம் ஒப்பிட்டது. குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடிக்க வைத்தது பாலாடைதான். குழந்தைகளும் அமைதியாக இருந்தன. 2007-ல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையைக் கொடுத்துப் பார்த்தபோது, பாட்டிலைவிட நேரம் அதிகம் எடுத்தது, பாலும் அதிகம் சிந்தியது. பாத்திரம் ஒன்றுதான். பிடிக்கும் கையின் பழக்கமும், குடிக்கும் குழந்தையின் பக்குவமும் மாறினால் முடிவும் மாறிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

நம் வீடுகளில் பாலாடை பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. நீட்டிய கால்களில் பிள்ளையை மல்லாத்திப் படுக்க வைத்து, மூக்கை லேசாகப் பிடித்து, அழும் வாயில் ஊற்றிவிடுவது. குறைமாதக் குழந்தைக்கு இது அறவே கூடாது. வார்டில் கற்றுத்தரும் முறை வேறு.

குழந்தை விழித்திருக்க வேண்டும். துணியில் இதமாகச் சுற்றி, தலையும் கழுத்தும் தாங்கலாக, பாதி உட்கார்ந்த நிலையில் பிடிக்க வேண்டும். பாலாடையில் பாதிக்கு மேல் பால் வேண்டாம். அதன் நுனியை வாயோரத்தில், கீழுதட்டின் மேல் மென்மையாக வைத்துப் பால் உதட்டைத் தொடும்வரை சாய்த்தால் போதும். குழந்தை நாக்கை நீட்டித் தானாக எடுத்துக்கொள்ளும். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சாய்ப்பு. ஊற்றுவது என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை. 20 முதல் 30 நிமிடத்துக்குள் தேவையான அளவைக் குடிக்க முடியவில்லை என்றால் குழந்தை களைத்துவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவுதான் தேவை? வளரத் தொடங்கிய ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 160 மில்லி என்று வைத்தால், நாளொன்றுக்கு 240 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், ஒரு வேளைக்கு 20 மில்லி. நான்கு டீஸ்பூன்! சரியான அளவை அந்தந்தக் குழந்தைக்கு மருத்துவர்தான் சொல்வார். ஆனால், ‘இத்தனூண்டு எப்படிப் போதும்’ என்று கலங்கும் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தெம்பு தரும்.

பயன்படுத்திய பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரில் 20 நிமிடம் போட்டெடுக்க வேண்டும். பால் பாட்டில் வேண்டாம். அதில் பால் வரும் வேகத்தைக் குழந்தையால் கட்டுப்படுத்துவது கஷ்டம்; சுத்தம் செய்வதும் கஷ்டம். அமெரிக்காவில் பௌலா மேயர் என்ற செவிலியர் ஆய்வாளர் 1980-களில் செய்த ஆய்வுகளில், குறைமாதக் குழந்தைகளின் ஆக்ஸிஜன் அளவு பாட்டிலில் குடிக்கும்போது இருந்ததைவிட மார்பில் குடிக்கும்போது நிலையாக இருந்தது தெரியவந்தது. அதுவரை ‘பாட்டில்தான் சுலபம், மார்பில் குடிப்பது சிரமம்’ என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் பால் பாட்டிலுக்கும் குழந்தைகளுக்கான பால் பவுடருக்கும் விளம்பரம் செய்வதை 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பிள்ளை தயாராகும்வரை பால் இருக்க வேண்டுமே!

இந்த விஷயத்தில் பல குடும்பங்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். 30 வாரத்தில் பிறந்த குழந்தை மார்பில் குடிக்க ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை மார்பில் பால் நிற்குமா? எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். எடுக்காமல் விட்டால் உடல் ‘தேவை இல்லை போல’ என்று நிறுத்திக்கொள்ளும். குழந்தை குடிக்கத் தயாராகும் நாளில் தாயிடம் பால் இல்லாமல் போனால், அத்தனை நாள் காத்திருப்பும் வீணாகிவிடும்.

அதனால், முடிந்தால் பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே கையால் பால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு உட்பட நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதல் நாளில் சில சொட்டுகள்தான் வரும். அந்த மஞ்சள் நிறச் சீம்பால் ஒவ்வொரு சொட்டும் மருந்து. குழாயில் கொடுப்பதோடு, மருத்துவர் சொன்னால் பஞ்சில் நனைத்துக் கன்னத்தின் உட்புறத்தில் தடவுவதும் உண்டு.

பெரிய ஆபரேஷன் முடிந்து ஒரு வார்டில் தாய், இன்னொரு வார்டில் குழந்தை என்று இருக்கும்போது இது எளிதல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்க, பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்க, சுடு கஞ்சி கொண்டுவர ஒரு துணை வேண்டும். வாசலில் தவித்துக்கொண்டிருக்கும் அம்மாயிக்கும் அப்பத்தாவுக்கும் உண்மையான வேலை இங்கேதான் காத்திருக்கிறது. பிள்ளையின் நாக்கில் எதையாவது தொட்டு வைக்கத் துடிக்கும் அதே கை, தாயின் பாலைக் காப்பாற்றினால் பேரப்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ‘உனக்குப் பாலே இல்லையே’ என்ற ஒரு பேச்சை மட்டும் யாரும் பேசாமல் இருந்தால் போதும். கவலையும் வலியும் பால் சுரந்து வருவதைத் தடுக்கும்.

எடுத்த பாலைக் கொதிநீரில் சுத்தம் செய்த, மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம்.

சில தாய்மார்களுக்கு உடல்நிலை காரணமாகப் பால் எடுக்க முடியாமல் போகலாம். அப்போது இன்னொரு தாயின் தானப் பாலைப் பதப்படுத்தித் தருவது தாய்ப்பால் வங்கிகள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கியது. தமிழகத்தில் 2014-ல் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, புதுக்கோட்டைக்கு இரு பக்கமும் இருக்கும் திருச்சியும் தஞ்சாவூரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

நெஞ்சுச் சூட்டில் பாடம்

குழந்தையைத் தயார்ப்படுத்தும் பள்ளிக்கூடம் தாயின் நெஞ்சு. டயப்பரும் தொப்பியும் மட்டும் அணிந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்த நிலையில் படுக்க வைத்து, மேலே துணியால் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. போதுமான இன்குபேட்டர் இல்லாத ஒரு மருத்துவமனை கண்டுபிடித்த வழி அது.

2021-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இருந்தார்கள். பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கியபோது, முதல் 28 நாளில் ஏற்படும் இறப்பு 25 சதவிகிதம் குறைந்தது. அதன்பின், 2022-ல் உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கங்காரு முறையைப் பரிந்துரைத்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

நெஞ்சில் கிடக்கும் குழந்தைக்கு மார்பின் வாசனை பக்கத்திலேயே இருக்கிறது. ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்க்கும். இன்னொரு நாள் நக்கும். குழாயில் பால் போகும் நேரத்தில், பால் எடுத்துக் காலியான மார்பில் வாய் வைக்க விட்டால், புரையேறும் பயமில்லாமல் உறிஞ்சிப் பழகும். வாயில் உறிஞ்சும் சுகமும் வயிறு நிறையும் சுகமும் ஒன்றாகச் சேர்வது அங்கேதான்.

பாலாடையில் நன்றாகக் குடித்து, காலி மார்பில் பலமாக உறிஞ்சத் தொடங்கியதும், முதன்முறையாகப் பாலுள்ள மார்புக்கு வரலாம். பால் பீறிட்டு வரும் தாய்மார்கள் முன்னதாகக் கொஞ்சம் எடுத்துவிட்டால் குழந்தை திணறாது. குழந்தையைத் தாயின் பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே கால்கள் பின்னால் போகும்படி பிடித்து, கழுத்தையும் தோளையும் கையால் தாங்கினால், சின்ன முகம் தெளிவாகத் தெரியும். முதல் நாள் ஐந்து நிமிடம் குடித்தாலே பெரிய விஷயம். மீதி பாலாடையில். ஒரு வேளை, இரண்டு வேளை என்று மெல்லக் கூட்டி முழுவதும் மார்புக்கு மாறச் சில நாட்களும் ஆகும், சில வாரங்களும் ஆகும். நேற்று நன்றாகக் குடித்த குழந்தை இன்று சோர்ந்து குழாய்க்குத் திரும்புவதும் சகஜம்.

வீட்டுக்கு வந்தபின்...

பிறந்த முதல் வாரத்தில் எடை குறைவது இயல்பு. இரண்டு வார வாக்கில் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு தொடர்ந்து ஏறத் தொடங்கும். குழாய் இல்லாமல் தானே குடித்து, உடல் சூட்டைத் தானே காத்து, சில நாட்கள் தொடர்ந்து எடை கூடினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்குச் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம். ‘எத்தனை நாள் இங்கேயே கிடப்பது, வேலை கெடுகிறது’ என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போவதுதான் பெரிய தவறாக முடியும். புதுக்கோட்டை மண்ணில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவியின் நோக்கமே, பிரசவித்த பெண் கூலி வேலைக்கு ஓடாமல் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான். அந்தப் பணத்தைத் தாயின் சாப்பாட்டுக்கே செலவிடுவது நியாயம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* குறைமாதக் குழந்தை பசிக்காக அழும் என்று காத்திருக்கக் கூடாது. தூங்கினாலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்ல எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

* நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போவதும், வாராவாரம் எடை கூடுவதும் பால் போதுமானது என்பதற்கான அடையாளங்கள். எடை பார்க்க கிராம சுகாதார செவிலியரை அணுகலாம்.

* ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதித்தரும் சொட்டு மருந்துகளும் மட்டும். தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் வேண்டாம்.

* குடிக்க மறுப்பது, குடிக்கும்போது நீலம் பாய்வது, மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது, பச்சை நிறத்தில் வாந்தி, உடல் சில்லிட்டுப் போவது... இதில் எது தெரிந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

* 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் தேவை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டும். பால் குடிக்கும் சந்தோஷத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

மறுபடியும் அந்த முதல் கேள்வி. பிள்ளைக்கு எப்போது பால் கொடுக்கலாம்? மருத்துவர் வாரக் கணக்கைப் பார்ப்பார், நர்ஸ் மூச்சைப் பார்ப்பார். பால் நேரத்தில் கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, வாயைத் திறந்து கேட்க வேண்டியது பிள்ளை. அது கேட்கும்வரை பாலைக் கையிலும் பிள்ளையை நெஞ்சிலும் காத்துக்கொண்டிருப்பது குடும்பத்தின் பங்கு. அடுத்த முறை வாசலில் நர்ஸைப் பார்க்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம்: ‘‘சிஸ்டர், இன்னைக்குப் பிள்ளை என்ன அடையாளம் காட்டுச்சு?’’